மலைக்குப் பத்திரம் கேட்பவர்கள்

(சேலம் மாவட்டத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கக் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவேன். பேசக் கூப்பிட்டால் கொஞ்சம் தயக்கம்தான். நான் ஆய்வாளன் இல்லை. ஒரு பட்டம் வாங்கினேன், பரீட்சை எழுதி வங்கியில் குமாஸ்தா ஆனேன். பகல் பூராவும் ஊரார் பணத்தை எண்ணுகிறேன், ராத்திரி கவிதை எழுதுகிறேன். தோழர்கள் ‘பழங்குடிகளும் கனிமக் கொள்ளையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. கவிஞன் என்ற தகுதி அல்ல, குமாஸ்தா என்ற தகுதி. ஏனென்றால் இந்தப் பிரச்சினை கடைசியில் காகிதத்தில் போய் நிற்கிறது. காகிதம் எங்கள் தொழில்.

சில வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மலையாளி இனத்தவர். கறவை மாட்டுக்குக் கடன் கேட்டு வந்தார். பட்டா இருக்கா என்று கேட்டேன். இல்லை. சிட்டா, அடங்கல்? இல்லை. ‘எடம் பாரஸ்ட்ல வருதுன்னு சொல்றாங்க சாமி’ என்றார். என்னைப் போய் சாமி என்கிறாரே என்று கூசியது. ஆனாலும் என் வாய் குமாஸ்தா வாய்தானே. ‘அய்யா, டாக்குமெண்ட் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க’ என்றேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘எங்கய்யன், எங்கப்பாரு, அவங்கப்பாரு எல்லாரையும் பொதச்ச எடம் அங்கதான் இருக்குது. நேர்ல வந்து பாக்கறீங்களா?’

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் போய்விட்டார். அந்தச் சிரிப்பின் கதையைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அதற்கு ஒடிசா வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஒடிசாவில் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் நியம்கிரி என்றொரு மலைத்தொடர். அதன் சரிவுகளில் டோங்ரியா கோந்த் என்ற பழங்குடிகள் வாழ்கிறார்கள். மொத்தமே சுமார் 8,000 பேர். குவி மொழி பேசுகிறவர்கள். சரிவில் சிறுதானியம், மஞ்சள், இஞ்சி, அன்னாசி, வாழை போடுகிறார்கள். உச்சியில் மட்டும் கை வைப்பதில்லை. அங்கே நியமராஜா இருக்கிறார், அதனால் மரம் வெட்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

இதை மூடநம்பிக்கை என்று சொல்ல நமக்கு நாக்குத் துறுதுறுக்கும். பகுத்தறிவுப் பள்ளியில் படித்தவர்கள் நாம். ஆனால் அந்த உச்சியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாக்சைட் படிவம் மலையின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. அது நுண்துளை உள்ள மண். மழைக்காலத்தில் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடை முழுக்கச் சுனைகளாகக் கசிய விடுகிறது. வம்சதாரா ஆறு அந்தப் பகுதியில்தான் பிறந்து, ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் வரைக்கும் போகிறது. ஆக, உச்சியில் கை வைக்காதே என்று நியமராஜா சொன்னதற்குள் ஒரு பொதுப்பணித்துறையே இருக்கிறது. எஸ்டிமேட்டும் கமிஷனும் இல்லாத பொதுப்பணித்துறை.

அந்தத் தொப்பியின் அளவு சுமார் 7 கோடியே 20 லட்சம் டன் என்று கணக்கிட்டார்கள். நான்கைந்து டன் பாக்சைட்டை அரைத்துக் காய்ச்சினால் இரண்டு டன் அலுமினா. அதில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு டன் அலுமினியம். அந்த ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். கீழே மிஞ்சுவது காரம் மிகுந்த செஞ்சேறு. அதை எங்கே கொட்டுவது? கீழ்ச்சரிவில் யார் குடிசை இருக்கிறதோ அங்கே.

இது நமக்குத் தெரியாத கதை அல்ல. நம் கண்ணுக்கெதிரே சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டினார்கள். அந்த ஆலையின் உலைகள் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அலுமினியத்தில் சோறு பொங்கிச் சாப்பிட்டவர்கள் நாம். பித்தளை அவர்களுக்கு, அலுமினியம் நமக்கு. அந்தத் தட்டு எந்த மலையின் தலை என்று நாம் கேட்டதில்லை.

சரி, நியம்கிரிக்குள் அரசு எப்படி வந்தது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பகுதி அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைக்குள் வருவது. பழங்குடி நிலம் பழங்குடி அல்லாதவர் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக வந்த அட்டவணை. (தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒரு சென்ட் கூடக் கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) 1997 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சமதா வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆந்திரா சம்பந்தப்பட்ட வழக்கு. அட்டவணைப் பகுதியில் தனியார் சுரங்கக் கம்பெனிக்குக் குத்தகை கொடுப்பதும் பழங்குடி அல்லாதாருக்கு நிலத்தை மாற்றுவதுதான், ஆகவே செல்லாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு கதவு திறந்தே இருந்தது. அரசின் கனிமக் கழகமோ பழங்குடிகளின் கூட்டுறவுச் சங்கமோ வெட்டலாம். இரண்டில் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். கூட்டுறவுச் சங்கத்தை யாரும் தேடவில்லை.

நியம்கிரியில் சுரங்கம் ஒடிசா அரசின் சுரங்கக் கழகத்தின் பெயரில். அடிவாரத்தில் லாஞ்சிகரில் தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் திறனோடு கட்டிய அலுமினா ஆலை வேதாந்தா குழுமத்தினுடையது. 2004இல் இரண்டுக்கும் கூட்டு ஒப்பந்தம். மலை அரசின் பெயரில், மண் கம்பெனிக்கு. மலையை வெட்ட வன அனுமதி கிடைக்கும் முன்பே அடிவாரத்தில் ஆலையைக் கட்டியாகிவிட்டது. ஒருவர் பெயரில் கணக்கு, இன்னொருவர் கையில் பணம் என்று ஒரு விவகாரம் வங்கிக்கு வந்தால் அதற்கு நாங்கள் ஒரு பேர் வைத்திருக்கிறோம். பினாமி. இதைப் பினாமி என்று சட்டம் சொல்லாது. நான் சொல்கிறேன். பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்தவன் பேரனுக்கு அந்த வாடை எட்டூருக்கு அப்பாலேயே வந்துவிடும்.

2008 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சுமார் 660 ஹெக்டேர் வனநிலத்தைத் திருப்பிவிட அனுமதித்தது. அதற்கு முந்தைய 2007 உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது: லாபத்தில் 5 சதவீதம் அல்லது 10 கோடி ரூபாய், எது அதிகமோ அதை அந்தப் பகுதியின் வளர்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். நீதிபதிகள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கவனியுங்கள். எவ்வளவு கொடுப்பது என்று எல்லோரும் பேசினார்கள். கொடுக்கச் சம்மதமா என்று மலையில் இருப்பவனிடம் யாரும் கேட்கவில்லை. பெண்ணைக் கேட்காமல் சீர்வரிசை பேசி முடித்த மாதிரி.

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. சாலையை மறித்தார்கள், அடி வாங்கினார்கள், வழக்கு வாங்கினார்கள். 2010இல் மத்திய அரசு அமைத்த சக்சேனா குழு மலைக்குப் போய்ப் பார்த்து, வன உரிமைச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று எழுதியது. 2010 ஆகஸ்ட் 24 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனது யார்? ஒடிசா அரசின் சுரங்கக் கழகம். தன் குடிகளுக்கு எதிராக, தன் பெயரில், தன் செலவில்.

2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. இந்த மலையின் மீது மக்களுக்கு இருக்கிற சமய, பண்பாட்டு, வன உரிமைகள் என்ன, சுரங்கம் அவற்றைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது நீதிமன்றம். அங்கே அதைப் பல்லி சபா என்கிறார்கள், குக்கிராமத்தின் கூட்டம். மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு பன்னிரண்டே ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. ராயகடாவில் 7, காளஹண்டியில் 5. ஜூலை 18இல் தொடங்கி ஆகஸ்ட் 19இல் முடிந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் துப்பாக்கி பிடித்த காவலர்கள்.

கடவுளின் இடம் வேறொரு சிகரம், சுரங்கம் வரும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆகவே கடவுளுக்கு ஆபத்தில்லை என்பது சுரங்கக் கழகத்தின் வாதம். அதாவது நியமராஜாவுக்கு ஒரு சர்வே நம்பர் கொடுத்துவிட்டார்கள். மக்கள் ஒவ்வொரு ஊராக எழுந்து சொன்னது ஒன்றுதான்: ஒரு சிகரம் இல்லை, மலை முழுக்க அவர்தான்; இந்த மலை போனால் நாங்கள் இல்லை.

பன்னிரண்டு ஊர். பன்னிரண்டும் ‘வேண்டாம்’. ஒரு ஊர் கூட மாற்றிச் சொல்லவில்லை. 2014 ஜனவரியில் அமைச்சகம் இறுதியாகக் கோப்பை மூடியது. 2016இல் சுரங்கக் கழகம் மறுபடியும் உச்ச நீதிமன்றம் போய், திரும்பவும் கிராம சபை நடத்த வேண்டும் என்று கேட்டது. அது எடுபடவில்லை.

தோழர்களே, இதுவரைக்கும் சொன்னது சுலபம். கை தட்டிவிட்டுப் போய்விடலாம். இனிமேல்தான் நமக்குக் கஷ்டம்.

நாம் யார்? அரசை நம்பி எழுந்தவர்கள். நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி எங்கிருந்து வந்தது? 1969இல் வங்கிகளைத் தேசியமயமாக்கியதால் வந்தது, இடஒதுக்கீட்டால் வந்தது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் மகன் கவுண்டரில் உட்கார்ந்து, ஊர்க்காரன் கொண்டு வரும் செல்லானில் முத்திரை குத்துகிறான். இதை எனக்குத் தந்தது கிராமம் இல்லை. அரசு. ரயில்வே, சுரங்கம், மின்வாரியம், வங்கி என்று பொதுத்துறை நமக்கு ஏணி. அதே பொதுத்துறையின் தம்பி ஒருத்தன்தான் நியம்கிரியின் தலையில் கோடாரி வைக்கப் போனவன்.

இன்னும் கஷ்டமான ஒன்று. பாபாசாகேப் அம்பேத்கர் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1945 நவம்பர் 8 அன்று கட்டாக்கில் ஒரிசா நதிகள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஒரிசாவின் வறுமையைப் போக்க அதன் வளங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று பேசினார். நிலக்கரி, இரும்பு என்று வளங்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் பாக்சைட்டும் இருக்கிறது. நான் அதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. மகாநதியை அடக்கும் அந்த யோசனையின் தொடர்ச்சியாகத்தான் பின்னால் ஹிராகுட் அணை வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசல் இழந்தார்கள். அதே 1945இல், பழங்குடிகளுக்கு இன்னும் அரசியல் உணர்வு வளரவில்லை என்ற பொருளிலும் அம்பேத்கர் பேசியிருக்கிறார்.

இதை மறைக்க வேண்டுமா? நாம் பக்தர்கள் இல்லையே. பக்தியை எதிர்த்தவரைப் படிக்கிறவர்கள். அவரைத் தவறென்று சொல்லிவிட்டு நகர்வதும் சுலபம், அவர் சொன்னதால் சுரங்கம் சரி என்பதும் சுலபம். இரண்டும் சோம்பேறித்தனம். அவர் எதற்காக அரசையும் தொழிலையும் கேட்டார் என்று பார்க்க வேண்டும். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்று அவர் எழுதியதில் நிலம் அரசுடைமை, முக்கியத் தொழில்கள் அரசுடைமை. எதற்கு? பண்ணையாரும் இருக்கக் கூடாது, குத்தகைக்காரனும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது என்பதற்காக. அதுதான் அவருடைய உரைகல். அந்தக் கல்லில் நியம்கிரியை உரசிப் பாருங்கள். நேற்று வரை தன் தோட்டத்தில் அன்னாசி பறித்தவனை நாளைக்கு ஆலை வாசலில் ஒப்பந்தக் கூலியாக நிறுத்துகிற திட்டம் அது. நிலமற்ற கூலியை ஒழிக்கிற அரசு இல்லை, உற்பத்தி செய்கிற அரசு. அம்பேத்கரின் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவருடைய கல்லைத் தூர எறிவது நியாயமில்லை.

ஜெய்பால் சிங் முண்டா 1946 டிசம்பர் 19 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசினார். பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தை நீங்கள் கற்றுத்தர முடியாது, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அதே சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். ஒருவர் ஊர்க்கூட்டத்தை ஜனநாயகம் என்கிறார். இன்னொருவர் ஊரைச் சாக்கடை என்கிறார். யார் சொன்னது சரி?

இரண்டு பேரும் தத்தம் ஊரைத்தான் சொன்னார்கள். ஜெய்பால் சிங் கண்ட ஊரில் சேரி தனியாக இல்லை. அம்பேத்கர் கண்ட ஊர் நம் ஊர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் ஒரு தலித் தலைவரை உட்கார விட்டார்களா? மேலவளவில் 1997இல் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். அந்த ஊர் ‘கிராம சபை’ என்று ஒரு தீர்மானம் போட்டால் அதில் என் குரல் எங்கே இருக்கும்? ஆகவே ஊருக்கு அதிகாரம் என்று யார் சொன்னாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய ஊர் என்று.

அதே கேள்வியை நியம்கிரியிலும் கேட்க வேண்டும். அங்கேயும் தலித்துகள் இருக்கிறார்கள். டோம் என்று அழைக்கப்படும் மக்கள். பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். மலையின் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோவது, ஒடியா தெரியாத டோங்ரியாக்களுக்கும் வெளியாருக்கும் நடுவில் பேச்சு நடத்துவது, சில்லறைக் கடன் கொடுப்பது என்று பிழைப்பு. உரசல் உண்டு. ஏமாற்றும் உண்டு, ஏளனமும் உண்டு. அந்த உரசலில் வெளியார் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை அதே ஒடிசாவில் கந்தமாலில் பார்த்தோம். 2007 டிசம்பரிலும் 2008 ஆகஸ்டிலும் கோந்த் பழங்குடிகளையும் பானோ தலித் கிறித்தவர்களையும் மோதவிட்டு இந்துத்துவம் குளிர் காய்ந்தது. சர்ச்சுகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, காட்டுக்குள் ஓடிப் பிழைத்தார்கள். பிரிக்கிறவனுக்கு மதமும் ஒன்றுதான், கனிமமும் ஒன்றுதான்.

வன உரிமைச் சட்டம் 2006 இந்த இடத்தில் என்ன செய்கிறது பாருங்கள். பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பு அங்கே இருந்ததைக் காட்டினால் போதும். ‘பிற மரபுவழி வனவாசி’ என்றால், தலித்துகள் பெரும்பாலும் இதில்தான் வருவார்கள், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று வேண்டும். 2005இல் 75ஐக் கழித்தால் 1930. அந்த வருஷம்தான் நாசிக்கில் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் உள்ளே விடச் சொல்லிப் போராடினார்கள். கோயிலுக்குள்ளேயே விடாதவன் நம் தாத்தன் பேரை எந்தப் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பான்? பண்ணையாள் கணக்கு நோட்டில் இருக்கலாம். அது பண்ணையார் வீட்டுப் பரணில் இருக்கும்.

பழங்குடிக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுத்ததே குறைவு. ஒரே மலையை நம்பி வாழும் இரண்டு பேருக்கு இரண்டு வாசல் வைத்தால் மூன்றாமவன் எளிதாக நடுவில் புகுந்துவிடுவான் என்று சொல்கிறேன். வால்டர் பெர்னாண்டஸ் என்ற ஆய்வாளரின் மதிப்பீட்டின்படி 1947 முதல் 2000 வரை வளர்ச்சித் திட்டங்களால் பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் 6 கோடிப் பேர். அதில் 40 சதவீதம் பழங்குடிகள், 20 சதவீதம் தலித்துகள். மக்கள்தொகையில் பழங்குடிகள் 8 சதவீதம்தான். பழங்குடி நிலத்தை இழந்து பெயர்ந்தான். தலித் இழப்பதற்கு நிலம் இல்லாமலேயே பெயர்ந்தான், அதனால் நஷ்டஈட்டுப் பட்டியலிலும் பேர் வராது. இதை எந்தச் சுரங்கத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தாலும் தெரியும்.

நம் அனுபவத்தையும் வைத்துப் பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892இல் அரசாணை வந்து, பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். வெளியார் வாங்க முடியாது என்ற நிபந்தனையோடு. காகிதம் இருந்தது, நிபந்தனை இருந்தது, முத்திரை இருந்தது. நிலம் எங்கே? 1994 அக்டோபர் 10 அன்று கரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அப்போது நான் கைக்குழந்தை. காகிதம் இருந்தும் நிலம் போனவர்கள் நாம். காகிதமே இல்லாமல் நிலம் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆகவே காகிதம் மட்டும் காப்பாற்றாது என்று அவர்களுக்குச் சொல்ல நம்மால் முடியும். காகிதத்துக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது என்று நமக்குச் சொல்ல அவர்களால் முடியும்.

அந்த இன்னொன்று என்ன? கேட்கப்படுவது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை. நஷ்டஈடு, மறுவாழ்வு, வேலை இதெல்லாம் பிறகு வருகிற பேச்சு. வேண்டாம் என்று சொல்ல முடியாதவன் போடுகிற கையெழுத்து சம்மதமே இல்லை. கடன் பத்திரத்தில் ஒருவர் மிரட்டலில் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது என்று வங்கியில் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒரு மாட்டுக் கடனுக்கு இருக்கிற இந்த மரியாதை ஒரு மலைக்கு வேண்டாமா?

நியம்கிரியில் அந்தப் பன்னிரண்டு நாள்களில் நடந்தது இதுதான். இந்திய அரசு தன் குடிகளில் கடையரிடம் போய்ச் சம்மதமா என்று கேட்டது. தானாகக் கேட்கவில்லை. கேட்க வைத்தார்கள். அதனால்தான் அதற்கப்புறம் கேட்காமல் இருப்பதற்கு வழி தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அரசு அனுமதி கொடுத்த பிறகு வன உரிமைகளை மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று வரிசையை மாற்றிவிட்டன. தாலி கட்டிய பிறகு சம்மதம் கேட்பது. ராயகடா, காளஹண்டி எல்லையில் சிஜிமாலி என்று இன்னொரு பாக்சைட் மலை. 2023இல் ஏலத்தில் அது வேதாந்தாவுக்குப் போனது. அந்த டிசம்பரில் கிராம சபைகள் நடந்து சம்மதம் கிடைத்துவிட்டதாக அரசின் காகிதம் சொல்கிறது. அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை, கையெழுத்துகள் பொய் என்று ஊரார் சொல்கிறார்கள். அங்கே எதிர்த்து நிற்பவர்களில் கோந்த்களும் இருக்கிறார்கள், தலித்துகளும் இருக்கிறார்கள். இந்தச் சேர்க்கையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். லாஞ்சிகர் ஆலையும் மூடிவிடவில்லை, வேறிடத்துப் பாக்சைட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே நியம்கிரி முடிந்த கதை இல்லை.

நாம் என்ன செய்வது என்று தோழர்கள் கேட்பார்கள். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பொதுத்துறையைக் காப்போம் என்று நாம் கொடி பிடிக்கும்போது, மக்களைக் கேட்காமல் மண்ணைத் தொடாத பொதுத்துறை என்று சேர்த்தே எழுத வேண்டும். என் தொழிற்சங்கத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன். ‘கவிஞர் பேசுகிறார்’ என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இரண்டு, வன உரிமைச் சட்டத்தின் அந்த 75 வருஷ நிபந்தனையை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதைப் பழங்குடித் தோழர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பங்கு குறையாதபடி பேசி எழுத வேண்டும். அவர்களுக்கு எதிராக இல்லை.

மூன்று, கிராம சபை. நம் ஊரில் அந்தக் கூட்டத்துக்குப் போவதே இல்லை நாம். அது அவங்க கூட்டம் என்று விட்டுவிட்டோம். போக வேண்டும். தரையில் உட்காரச் சொன்னால் நாற்காலி கேட்டு உட்கார வேண்டும். நாளைக்கு ஒரு சுரங்கமோ சாயப்பட்டறையோ குப்பைக் கிடங்கோ வரும்போது, அது சேரிப் பக்கம்தான் வரும், அன்றைக்கு ‘வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட நம் ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பெரியவர்.

வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் பதிமூன்றாவது விதி, எதெல்லாம் சான்று என்று பட்டியல் போடுகிறது. வாக்காளர் அட்டை, அரசுப் பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. கூடவே, மனுப் போடுபவர் அல்லாத பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று. கிணறு, புனித இடம், இடுகாடு இவையும் சான்று. ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் அன்றைக்கு என் கவுண்டரில் வைத்தது சட்டப்படியே சான்று, தோழர்களே. மூன்று தலைமுறைப் புதைகுழியைத்தான் வைத்தார். அதோடு ஊர்ப் பெரியவர் இன்னொருவர் சொல்வதையும் எழுதி வைத்து அவர் உரிமைப் பட்டாவுக்கு மனுப் போட்டிருக்கலாம். சொல்ல வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த விதி தெரியாது. தெரியாதது கூடப் பரவாயில்லை. சிரித்தேன்.

அதன் பிறகு விதிகளைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு நகல் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று மலையிலிருந்து இறங்கி வருகிற யாராவது ஒருவருக்கு. என் பெரியவரை எங்காவது பார்த்தால் அவருக்கு.

ஜெய் பீம்.